மழை போன வழியில் எண்ணெயும் போனது: சுன்னாகம் சுண்ணக்கல் நீர்ப்படுகை, ஒரு நிகழ்வு ஆய்வு

2014ஆம் ஆண்டு முடியும் நேரம் யாழ்ப்பாணம் சுன்னாகத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரே பேச்சாக இருந்தது: கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது. வாளியை இறக்கி அள்ளினால் தண்ணீரின் மேல் நிறம் நிறமாக ஒரு படலம், முகத்தருகே கொண்டுபோனால் எரிபொருள் வாடை. தலைமுறை தலைமுறையாக அதே கிணற்றில் குடித்து, குளித்து, தோட்டம் இறைத்து வாழ்ந்த சனம், 2015 தொடக்கத்தில் தெருவோரத் தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டு பவுசர் வரும்வரை காத்திருந்தது. எண்ணெய் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊர் அதிகம் யோசிக்கவில்லை. சுன்னாகத்தில் அனல்மின் நிலைய வளாகம் இருக்கிறது. அங்கே பல பத்தாண்டுகளாக எரிபொருள் எண்ணெய் இறக்கி, சேமித்து, எரித்து, கழிவை வெளியேற்றி வந்திருக்கிறார்கள்.

ஆனால் சந்தேகப்படுவது வேறு, விளங்கிக்கொள்வது வேறு. ஒரு வளாகத்தின் நிலத்தில் சிந்திய எண்ணெய், வீதிகளையும் தோட்டங்களையும் தாண்டி அடுத்தடுத்த ஊர்க் கிணறுகளுக்கு எப்படிப் போனது? ஒரு வீட்டுக் கிணற்றில் வாடை அடிக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கக் கிணறு சுத்தமாக இருந்தது எப்படி? ஒரு பரிசோதனை எண்ணெய் இருக்கிறது என்றும் இன்னொன்று ஆபத்தான பொருள் இல்லை என்றும் சொன்னது ஏன்? மூன்றுக்கும் பதில் பாறையில் இருக்கிறது. சுன்னாகம் அடங்கிய வலிகாமத்து மண்ணுக்கு அடியில் கிடக்கும் சுண்ணக்கல், தண்ணீரை எப்படி வைத்திருக்கிறது, எந்த வழியில் நகர்த்துகிறது என்று தெரிந்தால் சுன்னாகத்தில் நடந்தது புதிராக இருக்காது.

பாறைக்குள் தண்ணீர் நிற்கும் இடம்

நிலத்துக்கு அடியில் ஏரியோ ஆறோ இருப்பதாகத்தான் பலர் மனதில் படம் இருக்கிறது. உலகின் பெரும்பாலான இடங்களில் அப்படி எதுவும் இல்லை. மணற்துகள்களுக்கு இடையிலும் பாறையின் வெடிப்புகளுக்குள்ளும் உள்ள சிறு இடைவெளிகளில்தான் தண்ணீர் நிற்கிறது. மழைநீர் மண் வழியாக இறங்கி, எல்லா இடைவெளியும் நிரம்பிய ஒரு மட்டத்தை அடைகிறது. அந்த மட்டத்துக்குக் கீழே கிணறு தோண்டினால் தண்ணீர் ஊறும்.

இதில் இரண்டு விசயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாறையில் இடைவெளி எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. அந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று தொடுத்திருக்கின்றனவா என்பது மற்றது. களிமண்ணின் கன அளவில் பாதிகூட இடைவெளியாக இருக்கலாம். ஆனால் அவை அவ்வளவு நுண்ணியவை என்பதால் தண்ணீர் அசைய மாட்டாது. களிமண்ணில் தோண்டிய குழியில் மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கி நிற்பதும் அதனால்தான். மணலில் இடைவெளி குறைவாக இருந்தாலும் தண்ணீர் தாராளமாக ஓடும். வன்னிப் பெருநிலத்தில் கிடக்கும் பழைய கரும்பாறையில் இடைவெளி என்று சொல்லவே ஒன்றுமில்லை. வெடிப்பு ஓடும் இடத்தில் மட்டும் தண்ணீர் கிடைக்கும். அங்கே குளம் கட்டி வாழ்ந்ததற்கும் இங்கே கிணறு வெட்டி வாழ்ந்ததற்கும் பாறை வேறுபாடு ஒரு பெரிய காரணம்.

1856இல் பிரான்சின் டிஜோன் நகரில் பொறியியலாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீர் விட்டு அளந்தார். இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டமும் அதே விகிதத்தில் கூடுகிறது, எவ்வளவு வேகம் என்பதைப் படுகையின், அதாவது தண்ணீரைத் தாங்கும் மணல் அல்லது பாறையின், தன்மை தீர்மானிக்கிறது என்று கண்டார். இன்றைக்கும் நிலத்தடி நீர்க் கணக்கெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. மணற் படுகைகளில் பல இடங்களில் தண்ணீர் ஒரு நாளைக்குச் சில சென்ரிமீற்றர் நகர்ந்தாலே அதிகம். அந்த மெதுவான பயணத்தில் மண் தண்ணீரை வடிகட்டும், கிருமிகள் செத்துப்போக நேரம் கிடைக்கும்.

வலிகாமத்தில் அந்த அவகாசம் கிடையாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தியது. கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல். மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட முக்கியமாக மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சிலிருந்தும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்தத் தண்ணீர் சுண்ணக்கல்லின் வெடிப்புக்குள் இறங்கும்போது கல்லையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. மயிரளவு வெடிப்பு விரலளவாகி, விரலளவு வெடிப்பு குழாயாகி, சில இடங்களில் குகையாகிறது. கல் கரைவதற்கு ஆதாரம் வேண்டுமானால் யாழ்ப்பாணத்து வீடுகளில் கேத்திலுக்குள் பார்க்கலாம். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது, கிணற்றுத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்த அதே சுண்ணக்கல்தான்.

இப்படிக் கரைந்து துளைபட்ட பாறையில் தண்ணீர் இரண்டு வேகத்தில் நகரும். கல்லின் நுண்துளைகளிலும் மெல்லிய வெடிப்புகளிலும் மெதுவாக ஊறும். அகன்ற குழாய்களிலோ ஓடும். நன்றாகத் துளைபட்ட சுண்ணக்கல் நிலங்களில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மீற்றர் போவது அதிசயமல்ல. சேமிப்பின் பெரும்பகுதி மெதுவான இடத்தில் இருக்கிறது, பயணத்தின் பெரும்பகுதி வேகமான இடத்தில் நடக்கிறது. சுன்னாகம் நிகழ்வை விளங்கிக்கொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்று வலிகாமத்து வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவமழை. அந்த மூன்று மாத மழையைச் சுண்ணக்கல் உள்ளே வாங்கி வைத்துக்கொள்வதால்தான் செம்பாட்டு மண்ணில் ஆண்டு முழுவதும் தோட்டம் நடக்கிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று படுகைகளை நான்காகப் பிரிப்பார்கள். நான்கில் சுண்ணக்கல்லும் செம்மண்ணும் சேர்ந்து கிடைத்த வலிகாமத்துக்குத்தான் வளம் அதிகம்.

புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. அது யாரும் வெட்டிய கிணறு அல்ல. சுண்ணக்கல்லுக்குள் உண்டான குகையின் கூரை இடிந்து விழுந்து வெளிப்பட்ட நீர்த்துளை. இராமன் அம்பு விட்டு வானரப் படையின் தாகம் தீர்த்த இடம் என்பது ஐதீகம். நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்றும் ஊரில் சொல்வார்கள். பழத்தின் கதையை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் நிலத்துக்கு அடியில் வழி இருக்கிறது, இங்கே உள்ள தண்ணீர் வேறெங்கோ வெளிவருகிறது என்பதை எங்கள் முன்னோர் கவனித்திருந்தார்கள் என்று அந்தக் கதை காட்டுகிறது. கீரிமலையில் கடலை ஒட்டிய கேணிக்குள் நன்னீர் ஊறி வருவது அதே கவனிப்பின் மறுமுனை. உள்நாட்டில் இறங்கிய மழை கடலோரத்தில் வெளியேறுகிறது. கரையோரக் கடலுக்கு அடியிலும், யார் கண்ணிலும் படாமல், நிறைய நன்னீர் இப்படிப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு சாணும் நாற்பது சாணும்

நிலாவரை இன்னொன்றையும் காட்டுகிறது. அதன் மேற்பகுதித் தண்ணீர் நன்னீர். ஆழம் போகப் போக உவர். குடாநாடு முழுவதிலும் நிலைமை இதுதான். மூன்று பக்கமும் கடலும் உள்ளே கடல்நீரேரிகளும் சூழ்ந்த தாழ்ந்த நிலம் இது. பாறைக்குள் கீழே கடல்நீர் நிற்க, அதன்மேல் மழைநீர் வில்லை வடிவில் மிதக்கிறது. நடுநிலத்தில் தடிப்பு, கரையோரம் போகப் போக மெல்லிசு.

நன்னீரைவிடக் கடல்நீர் சுமார் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரமானது. இந்தச் சிறு வித்தியாசத்திலிருந்து ஒரு கணக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் பாடோன் கைபனும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் ஹேர்ட்ஸ்பேர்க்கும் தனித்தனியாகக் கண்டது அது: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு பங்கு நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது பங்கு நிற்கும். கேட்க நல்ல செய்தி. ஆனால் திருப்பிப் படித்தால் பயம் வரும். மேலே நீர்மட்டம் நிரந்தரமாக ஒரு சாண் இறங்கினால், அடியிலிருந்து உவர் நாற்பது சாண் ஏறும். உடனே ஏறாது, காலம் எடுக்கும்; நன்னீருக்கும் உவருக்கும் நடுவே கலங்கிய ஒரு வலயமும் உண்டு, கோடு போட்டதுபோல எல்லை இருக்காது. இருந்தாலும் போக்கு இதுதான்.

கிணற்றை எட்டிப் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. போன கோடையில் நின்ற மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் தண்ணீர் நிற்கிறது, பயமில்லை என்று நினைப்பார். சேமிப்பு அடிப்பக்கத்தால் தேய்ந்துகொண்டு வரும். 'இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்' என்ற பழமொழியை நம்பியே எங்கள் தோட்டங்கள் வளர்ந்தன. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் அது முழு உண்மை. ஆள்பலம் எவ்வளவு நேரம் தாங்கும், எவ்வளவு தண்ணீர் எடுக்கும்? மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மண்ணெண்ணெய் மெசினும் பிறகு மின்சார மோட்டாரும் வந்த பின் அந்தக் காவல் போய்விட்டது. ஒரே இடத்தில் வேகமாக இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உவர் கூம்புபோல எழும்பி வரும். இறைப்பை நிறுத்தினால் கூம்பு இறங்கும், ஆனால் கலந்த உப்பு முழுதாகப் பிரிந்து போகாது. கரையோர ஊர்களில் கைவிட்ட தோட்டங்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. சுண்ணக்கல்லில் இறைத்த கிணறு ஊறத்தான் செய்யும். என்ன தண்ணீர் ஊறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணெய்க்கு முன்னால் வந்த அழுக்கு

சுன்னாகத்து எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்ததால் ஊர் எழுந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பசளையிலிருந்தும் மலசலக் கழிவிலிருந்தும் வரும், நிறமும் மணமும் இல்லாத நைத்திரேற்று என்ற உப்பு அதே வழியில் இறங்கத் தொடங்கிவிட்டது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கடும் உழைப்பால் முன்னேறிய காலம் அது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொட்டிய பசளையில் பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடு இறங்கியது. நைத்திரேற்று மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். அப்புறம், ஒரே வளவுக்குள் குடிதண்ணீர்க் கிணறும் மலசலகூடக் குழியும். காணி துண்டு துண்டாகப் பிரியப் பிரிய இரண்டுக்கும் இடையிலான தூரம் சுருங்கியது. மணல் நிலமாக இருந்தால் அந்தத் தூரம் ஓரளவு காப்பாற்றும். வெடித்த சுண்ணக்கல்லில் அந்த நம்பிக்கை இல்லை.

உலக சுகாதார அமைப்பு குடிதண்ணீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்தில் செய்த ஆய்வுகள் பல கிணறுகளில் அந்த எல்லை தாண்டியதைப் பதிவு செய்திருக்கின்றன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது உண்மையான ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்துவிடும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று மிஞ்சி நிற்கும், செறிவுதான் கூடும். இளம் தாய்மாருக்கு இதை எல்லாச் சிகிச்சை நிலையங்களிலும் சொல்ல வேண்டும்.

எண்ணெய் எப்படி நகர்ந்தது

இனி முதல் மூன்று கேள்விகளுக்கு வரலாம்.

எண்ணெய் தண்ணீரில் சிறிதளவே கரையும், பெரும்பகுதி மிதக்கும். நிலத்தில் சிந்திய எண்ணெய் மண்ணைக் கடந்து வெடிப்பு வழியாக இறங்கி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் படர்கிறது. நீர்மட்டம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் நகர்கிறது. கரையக்கூடிய சிறு பங்கு தண்ணீரோடு இன்னும் தூரம் போகிறது. நடுவில் பெரிய வெடிப்பு ஒன்று குறுக்கிட்டால் பயணம் சட்டென்று வேகமெடுக்கும். வெங்காயத் தோட்டத்துக்கு மெசின் போட்டு இறைக்கும் கிணறு ஒவ்வொன்றும் தன் பக்கம் ஒரு சரிவை உண்டாக்கி எண்ணெயைத் தன்னை நோக்கி இழுக்கும். முதலாவது கேள்விக்குப் பதில் இதுதான்: மழை நுழைந்து பரவிய வழியிலேயே எண்ணெயும் நுழைந்து பரவியது.

இரண்டாவது கேள்வி வேலியின் இரு பக்கக் கிணறுகள் பற்றியது. ஒன்று குழாய்வழி ஒன்றைத் தொட்டுக்கொண்டும், மற்றது வெடிப்பு குறைந்த கல்லுக்குள்ளும் வெட்டப்பட்டிருந்தால் பத்து மீற்றர் தூரத்தில் தண்ணீர் வேறாக இருக்கும். என் கிணற்றில் ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரர் பொய்யென்று நினைத்த சந்தர்ப்பங்கள் இருந்தன. இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

மூன்றாவதுதான் பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. சுன்னாகத்துக் கிணறுகள் பற்றி அதிகாரபூர்வமாக வந்த முடிவுகளே ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன, மக்கள் எதை நம்புவதென்று தெரியாமல் தவித்தார்கள். ஆய்வுகூடங்கள் எல்லாம் ஒரே பொருளைத் தேடுவதில்லை. எண்ணெயும் கிரீசும் மொத்தமாக எவ்வளவு என்று அளப்பது ஒரு முறை. பென்சீன் போன்ற குறிப்பிட்ட நச்சுப் பொருள்களைத் தேடுவது இன்னொன்று. பழைய எண்ணெயிலிருந்து பென்சீன் முதலில் ஆவியாகிப் போய்விடக்கூடும். ஆகவே இரண்டாவது சோதனையில் ஒன்றும் இல்லாதது, முதலாவது பொய் என்பதற்கு ஆதாரம் ஆகாது. மாதமும் முக்கியம். மாரியில் நீர்மட்டம் ஏறுகிறது, கோடையில் இறங்குகிறது. இறங்கும்போது எண்ணெய் பாறைச் சுவரில் அப்பிக்கொண்டு நிற்கும். அடுத்த மழைக்கு மட்டம் ஏறும்போது ஒரு பகுதி கழன்று திரும்பவும் கிணற்றுக்குள் வரும். ஆவணியில் சுத்தமாகத் தெரிந்த கிணறு கார்த்திகையில் மணக்கலாம். வாளியால் மேல்நீரை அள்ளிய மாதிரியும் குழாய் விட்டு ஆழத்தில் எடுத்த மாதிரியும் ஒன்றல்ல. ஒரு நாள், ஒரு ஆழம், ஒரு சோதனை என்று வைத்துக்கொண்டு சுண்ணக்கல் கிணறு பற்றித் தீர்ப்பு சொல்வது அறிவியல் ஆகாது என்பதே என் உறுதியான கருத்து.

நீதிமன்றத் தீர்ப்பு பிறகுதான் வந்தது. சூழலியல் செயற்பாட்டாளர் ஒருவர் 2015இல் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அங்கே இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனம் நிலத்தடி நீரை மாசுபடுத்தியது என்று கண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இலங்கையில் நிலத்தடி நீருக்கு இவ்வளவு தெளிவாகப் பொருத்திய தீர்ப்பு என்பதால் இது முக்கியமானது. தொகை போதுமா என்று கேட்டால், போதாது. பாறைச் சுவரில் அப்பிய எண்ணெயைக் கழுவி எடுக்கும் செலவு அதைவிடப் பல மடங்கு. அதைவிடப் பெரிய விசயம், ஒரு வளாகத்துக்குள் நடப்பது பக்கத்து ஊரின் குடிதண்ணீரைப் பாதிக்கும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. கிணறு தனியார் காணிக்குள் இருக்கலாம். அதில் நிற்கும் தண்ணீர் அந்தக் காணியோடு முடிவதில்லை.

செய்யக்கூடியவை

வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வழி ஒன்று. இரணைமடுக் குளத்திலிருந்து கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான எதிர்ப்பால் தடைப்பட்டது. பின்னர் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குடிக்க அது உதவும். தோட்டத்துக்கு யாரும் கடல்நீரைச் சுத்திகரித்து இறைக்கப்போவதில்லை. தோட்டம் சுண்ணக்கல்லை நம்பித்தான் நடக்கும்.

ஆகவே படுகைக்குள் மழையை இறக்குவதுதான் முதல் வேலை. குடாநாட்டுக் குளங்களும் கேணிகளும் கோடை வரை தண்ணீர் வைத்திருப்பதற்காக மட்டும் தோண்டப்பட்டவை அல்ல. வெள்ளம் கடலுக்கு ஓடிவிடாமல் சில வாரம் நிறுத்தி நிலத்துக்குள் இறக்குவது அவற்றின் பெரிய பயன். சித்திரையில் வற்றிக் கிடக்கும் குளத்தைப் பார்த்து, பயனில்லாத பள்ளம் என்று மண் கொட்டி நிரப்பிக் கட்டடம் எழுப்பிய இடங்களில் சுற்றுவட்டாரக் கிணறுகள் அந்த நட்டத்தைச் சுமக்கின்றன. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த திட்டமும் இதே தர்க்கத்தில் நிற்கிறது. கடல்நீரேரிகளுக்குத் தடுப்பணை போட்டு மழைநீரால் நன்னீராக்கினால், கரையில் நீர்மட்டம் உயரும். சுற்றியுள்ள படுகையின் நன்னீர் வில்லை தடிக்கும். தொண்டைமானாற்றில் தடுப்பணை வந்தது, முழுத் திட்டமும் இன்னும் வரவில்லை.

ஆனால் வெள்ளத்தை இறக்கும்போது எந்த வெள்ளம் என்று பார்க்க வேண்டும். தெருவோர வாய்க்கால் நீரையும் வாகனம் கழுவிய தண்ணீரையும் பாழடைந்த கிணற்றுக்குள் திருப்பிவிட்டு 'மீள்நிரப்பல்' என்று பெயர் வைப்பதை ஏற்க முடியாது. மண் ஒரு வடிகட்டி. மண்ணைத் தாண்டி நேரே பாறைக்குள் விடுவது, சுன்னாகத்தில் எண்ணெய்க்குக் கிடைத்த அதே வழியைக் கழிவுக்கும் திறந்துவிடுவதாகும். கூரை மழைநீரைப் பீலி வைத்து, மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாக இறக்குவது நல்லது.

அளப்பது இரண்டாவது வேலை. நீர்மட்டத்தை மட்டும் அளப்பதால் பயனில்லை என்று நாற்பது சாண் கணக்கே சொல்லிவிட்டது. உப்புக் கூடிய தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், கிணற்றுக்குள் கம்பியில் கட்டி இறக்கும் மின்கடத்துதிறன் அளவி, எந்த ஆழத்தில் உவர் தொடங்குகிறது என்று காட்டிவிடும். பெரிய விலையுள்ள கருவி அல்ல. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் தன் பகுதியில் சில கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மாரி முடிந்ததும் ஒரு தடவை, கோடை முற்றியதும் ஒரு தடவை அளந்து ஒரே கொப்பியில் எழுதி வந்தால் போதும். ஐந்தாறு ஆண்டில் எந்தப் பக்கம் உவர் ஏறுகிறது, எங்கே இறைப்பைக் குறைக்க வேண்டும் என்பது கொப்பியிலேயே தெரியும். குடிதண்ணீர்க் கிணறு வைத்திருப்பவர்கள் நைத்திரேற்றையும் அதே இரண்டு தடவையும் சோதிக்க வேண்டும், கைக்குழந்தை உள்ள வீடுகள் முதலில். மின் நிலைய வளாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய்ச் சோதனை கார்த்திகை மழைக்குப் பின், மட்டம் ஏறி நிற்கும் நாட்களில் நடக்க வேண்டும். மேல்நீரிலிருந்து ஒரு மாதிரி, ஆழத்திலிருந்து ஒரு மாதிரி எடுக்க வேண்டும். முடிவுகளை அந்தந்த வீட்டுக்காரர் கையில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.